ஷிங்மோ கணவாயில் கரூர்ப் பரமத்தி வெயில்

பனிப்பிரதேசத்தில் மனிதனைக் கொல்வது குளிர் என்று பரவலாக நம்பப்படுகிறது. பாடநூல்களும், கொடைக்கானலுக்கு ஒருமுறை போய்வந்த உறவினர்களும், மப்ளர் விற்பவர்களும் சேர்ந்து வளர்த்துவிட்ட இந்த நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை என்பதை மிகுந்த வருத்தத்தோடு முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பனியில் மனிதனைக் கொல்வது வியர்வை. குளிர் யோக்கியமானது, அது மூக்கு நுனியைக் கிள்ளி, விரல்களைக் கடித்து, உள்ளே போ, உள்ளே போ என்று விரட்டிக்கொண்டே இருக்கும். வியர்வையோ வாயைத் திறக்காமல் பனியனை நனைத்துவிட்டு, அவன் மண்வாரியைக் கீழே வைத்து மூச்சு வாங்கும் நேரத்துக்காகக் காத்திருந்து, நின்ற இடத்திலேயே அந்தப் பனியனைத் தகடாக்கி முதுகோடு ஒட்டிவிடும். ஆகவே ஷிங்மோ கணவாய் முகாமில் எழுதிப் போடப்பட்டிருந்த ஒரே விதி, யாரும் வியர்க்கக் கூடாது என்பதுதான்.

லடாக் பக்கம், மரம் என்ற ஒன்றை யாரும் பார்த்திராத உயரத்தில், மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் முகாம் அது. ஐப்பசியில் பாதை மூடியதும் வேலை நிற்கும், ஆட்கள் இறங்கிவிடுவார்கள். இயந்திரங்களை இறக்க முடியாது என்பதால் அவற்றுக்குத் துணையாக எட்டுப் பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுவார்கள். துணை என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. பொழுது விடிந்தால் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கூரை இறங்கிவிடும். எஞ்சின்களுக்குப் போர்த்திய ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையை விலக்கி, அடியில் தணல் சட்டி வைத்து, நெய்யாக உறைந்து கிடக்கும் டீசலை இளக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பங்குனியில் அவை விழிக்காது. பேட்டரிகளை அவிழ்த்துக்கொண்டுவந்து படுக்கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், பூட்சின் உள்ளுறையையும் அப்படியே, இரண்டுக்கும் நடுவில் இடம் மிஞ்சினால் மனிதன் படுத்துக்கொள்ளலாம். கைக்கு மூன்று உறை, ஒன்றன்மேல் ஒன்றாக. வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் இரும்போடு போய்விடும். கதவிலிருந்து ஜெனரேட்டர் கொட்டகைக்கும் அங்கிருந்து சமையலறைக்கும் கயிறு கட்டியிருந்தது, பனிப்புயலில் அதைப் பிடித்துக்கொண்டு போவதற்கு. கூடத்தின் நடுவில், வடக்கத்தியர் புகாரி என்று சொல்லும் தகர அடுப்பு, புகைக்குழாயைக் கூரை வழியே வெளியே நீட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேரின் உயிரும் அந்த மண்ணெண்ணெயில்தான் மிதந்துகொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பூமியில் எங்கே ஓட்டை போட வேண்டியிருந்தாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டுக்காரர் இருப்பார். ஷிங்மோவில் இருந்தவர் மெக்கானிக் அத்தியண்ணன். போர்வெல் லாரியிலேயே பிறந்து வளர்ந்தவர்போல இருப்பார். மனிதர்களைவிட எஞ்சின்களிடம் மரியாதையாகப் பேசுவார். முகாமுக்குப் பொறுப்பாக இருந்த எஞ்சினீயர் திருவேங்கடம் காஞ்சிபுரம் பக்கம். சமையற்காரர் மிக்கேல் தூத்துக்குடிக்காரர். கடலைப் பார்க்காத துக்கத்தைப் பருப்பின்மேல் காட்டுகிறவர். கம்ப்ரசர் ஓட்டுகிற மாரப்பன் கரூர்ப் பரமத்தியை ஒட்டிய ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். மாநிலத்திலேயே அதிக வெயில் அடித்த ஊர் என்று சித்திரை தோறும் வானொலியில் பெயர் வருமே, அந்தப் பரமத்தி. அந்த ஊர்க்காரர்கள் அதை ஒரு பதக்கம் மாதிரி கேட்டுக்கொள்வார்கள். மாரப்பனின் மனைவி கோகிலாவுக்கு அவன் மலை ஏறிய பிறகுதான் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அவன் இன்னும் பார்க்கவில்லை. அவன் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று கோகிலா பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மற்ற நான்கு பேரும் நல்லவர்கள், சீட்டாடுவார்கள்.

மார்கழி பிறந்து சில நாட்களில், படிக்கட்டுப் பனியை வாரப் போன மாரப்பன் முதலில் மேல்கோட்டைக் கழற்றி வாரிமேல் மாட்டினான், பிறகு ஸ்வெட்டரை, பிறகு உள்ஸ்வெட்டரை, பிறகு சட்டையை. பனியனோடு அவன் நிற்பதை ஜன்னல் வழியே பார்த்த திருவேங்கடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"மாரப்பா, உனக்கு வியர்க்குது."

"ஆமாங்க சார்."

"கூடாதுன்னு கதவு மேல எழுதிப் போட்டிருக்கு."

"பாத்தனுங்க சார். நானாப் பண்ணுலீங்க. வெயிலு அடிக்குது."

வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. வானம் சாம்பல் நிறத்தில் மூடியிருந்தது, பனி விழுந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவில் மாரப்பன்மேல் மட்டும், சித்திரை மாதத்து நண்பகல் வெயில், நிழலைக் காலுக்கடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது. அவன் கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்த பனித்துகள் தூறலாகி, இன்னும் நெருங்கியதும் ஆவியாகிக் காணாமல் போனது. அவனைச் சுற்றிச் சுடுமண் புழுதியும் காய்ந்த முருங்கை இலையும் இளகிய தாரும் மணத்தன. திருவேங்கடம் சற்று யோசித்துவிட்டு, தன் கையுறையைக் கழற்றிக் கையை அவன் பக்கம் நீட்டிக் குளிர்காய்ந்தார்.

அத்தியண்ணன் வந்து, ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புறங்கையை அவன் தோளில் வைத்து எடுத்தார்.

"நல்ல சூடுதான். தண்ணி குடிச்சியா மாப்ள?"

"குடிச்சனுங்கண்ணா."

"கொறைய விட்றாத."

சமையலறைக் கதவிலிருந்து மிக்கேல் கத்தினார். "ஏலே, அங்க நின்னு பனிக்கு ஏன்லே காய வைக்க? இங்க வந்து இந்த எண்ணெ டின்னுகிட்ட நில்லு. நேத்துலருந்து எளக மாட்டேங்கு சவம்."

அன்று அவன் எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் நின்றான். மறுநாள் தண்ணீர்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்து, உள்ளே அள்ளிப்போட்ட பனியை உருக்கினான். அதற்கடுத்த நாள் ஜெனரேட்டர் கொட்டகையில் எஞ்சினுக்கு அடியில் படுத்து அதன் வயிற்றைக் கட்டிக்கொள்ள, தணல் சட்டி இல்லாமலேயே அது முதல் திருகிலேயே இருமிக்கொண்டு எழுந்தது. ஒரு வாரத்துக்குள் அவனுக்கு முறை வைத்துவிட்டார்கள்: காலையில் எஞ்சின்களுக்கு, பிறகு சமையலறைக்கு, மத்தியானம் முழுவதும் கூடத்துக்கு. கூடத்தில் அவன் நடுவில் உட்கார, அவன் கழுத்திலிருந்து நான்கு மூலைக்கும் கொடி கட்டி எல்லாருடைய காலுறையும் காய்ந்தது, மடியில் பேட்டரிகள் உட்கார்ந்திருந்தன, காலைச் சுற்றி முட்டைகள் கல்தன்மை நீங்கிக்கொண்டிருந்தன, சுற்றிலும் சீட்டாட்டம் நடந்தது. வெகு நாளாகக் குளிக்காதவர்கள் அவனுக்கு முதுகு காட்டிக் குளித்தார்கள். மிக்கேல் தனக்கு ஒதுக்கிய நேரம் பத்தவில்லை என்று தினமும் சண்டை பிடித்தார். மாரப்பனைச் சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஆள் இல்லை என்று ஒருமுறை பொய்யும் சொன்னார்.

"மாப்ள, கொஞ்சம் கெழக்கால திரும்பி உக்காரு, இந்தப் பக்கம் ரெண்டு பேரு வெரைக்கறாங்க."

"அந்தப் பக்கம் மூணு மணிக்குத்தானுங்கண்ணா வருவேன். சூரியன் என்னைக்காச்சும் சொல்றதக் கேட்டிருக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாரப்பன்தான் அதிகம் சிரித்தான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் சூரியன். ஊரில் பேருந்து நிலையத்துத் தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் திட்டு வாங்கிய அந்த வெயிலை, ஒருவர் பாராட்டி அவன் கேட்பது இதுவே முதல் தடவை.

இந்த இடத்தில்தான், எஞ்சின்களோடே வாழ்ந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. குளிர்நாட்டில் ஓடுகிற வண்டியை நிறுத்தக் கூடாது, லோடு குறையவும் விடக் கூடாது, லோடு இருந்தால்தான் சூடு நிற்கும் என்பது அத்தியண்ணனுக்கு வேதம். ஆகவே மாரப்பனைச் சும்மா விடக் கூடாது, முகாமிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார், மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் பக்கத்தில் புகாரி எரிவது வீண் மட்டுமல்ல, வண்டிக்குக் கெடுதலும்கூட என்று அடுத்த படி தானாக வந்தது. கூடத்துப் புகாரியையும் சமையலறைப் புகாரியையும் அணைத்தார்கள். மண்ணெண்ணெய் பேரல்கள் தொடப்படாமல் வெளியே வரிசையாக நின்றன, திருவேங்கடம் தினமும் போய் அவற்றை விரலால் தட்டி, நிறைந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, மனத்துக்குள் பாடிக்கொண்டே திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேட்டிலைட் போனில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஊரோடு பேசலாம். கூடம் ஒன்றுதான் என்பதால் ஒருவர் பேசுவதை எட்டுப் பேரும் கேட்பார்கள். ஒருவர் மனைவி கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்வதும் உண்டு.

"மாவு புளிக்கவே மாட்டேங்குதுங்க," என்றாள் கோகிலா, மாரப்பன் வெயிலோடு இருந்த முதல் ஞாயிறு.

"பழைய மாவு ஒரு கரண்டி கலக்கச் சொல்லுலே," என்றார் மிக்கேல்.

அடுத்த ஞாயிறு அவள் குரலில் சிரிப்பும் அலுப்பும் கலந்திருந்தன. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகிவிட்டது, மொட்டைமாடியில் வைத்தால் இளகுகிறது, வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மறுபடியும் கட்டியாகிறது. நடுக்கூடத்துத் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஊருக்குள் இது தெரிந்துபோய், பூக்காரம்மா மல்லிகைக் கூடையைச் சாயங்காலம்வரை இங்கேதான் இறக்கி வைக்கிறது, பால்காரர் தயிர்க்குண்டா நான்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், எதிர்வீட்டு டெய்லர் மெஷினையே தூக்கிக்கொண்டுவந்துவிட்டார், மத்தியானமானால் உட்கார இடமில்லை.

"ஊரே நம்மூட்டுலதானுங்க கெடக்குது. ஏசி போட்டியாக்கும்னு கேக்கறாங்க."

மாரப்பன் சிரித்தான். கூடமே சிரித்தது. தயிருக்கு அது நல்லதுதான் என்று ஒருவர் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு அவள் சிரிக்கவில்லை.

"பாப்பா காலு ஜில்லுன்னு இருக்குதுங்க."

"சாக்ஸ் போட்டு விடு."

"ரெண்டு போட்டிருக்கறேன். எங்கம்மா ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டனுங்க. பஸ்ஸுல நாங்க உக்காந்த சீட்டுக்கம்பி வேர்த்து ஊத்துது. இங்க வந்து ரெண்டு நாளு ஆகுல, இங்கயும் எண்ணெ கட்டியாயிருச்சு. அங்க இப்ப ஊடு சாதாரணமாத்தான் இருக்குதாம், பூக்காரம்மா கூடையெ எடுத்துட்டுப் போயிருச்சாம். அவ எங்க இருக்கறாளோ அங்கதானுங்க அது இருக்குது."

போனை வைத்த பிறகும் மாரப்பன் நின்றுகொண்டே இருந்தான். கழுத்துக் கொடியில் காலுறைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"அண்ணா," என்றான், யாரையும் பார்க்காமல். "இந்த வெயிலு எங்கிருந்து வருதுன்னு நெனைக்கறீங்க?"

ஒரு அதிசயத்தை ஏற்றுக்கொள்வது சுலபம். அதன் காரணத்தை ஏற்றுக்கொள்வதுதான் சிரமம். மார்கழியில் கரூரிலும் குளிர்தான் என்றார் ஒருவர். குழந்தைகள் கால் எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும், தன் பெரியவனுக்கு அப்படித்தான் இருந்தது, இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான் என்றார் இன்னொருவர். அத்தியண்ணன் ஸ்பேனர் ஒன்றை எடுத்துத் துடைத்தார், அது ஏற்கெனவே துடைத்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து யாரும் மாரப்பனைச் சூரியன் என்று கூப்பிடவில்லை. அவன் பார்க்கும்போது காலுறை காய வைக்கக் கூசினார்கள், அவன் திரும்பியதும் காய வைத்தார்கள். சோற்றில் அவனுக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. சீட்டாட்டத்தில் யாரும் அவனைத் தோற்கடிக்கவில்லை. இரவில், அணைந்த புகாரிக்குப் பக்கத்தில், எல்லோரும் அவனைச் சுற்றி முன்பைவிட நெருக்கமாகப் படுத்தார்கள்.

மாரப்பனுக்குத் தோன்றிய வழி எளிமையானது. எடுக்கிறவர்கள் இல்லாவிட்டால் எடுபடாது. வியாழக்கிழமை காலை அவன் முறையை உதறிவிட்டு, பாதி தோண்டிய சுரங்கத்துக்குள் நடந்துபோய், கடைசிப் பாறைக்கு முன்னால், ஒரு மனிதனும் இல்லாத இருட்டில் உட்கார்ந்துகொண்டான். கூரையில் தொங்கிய பனிக்கட்டி ஈட்டிகள் அவனைச் சுற்றிச் சொட்டத் தொடங்கின. சொட்டச் சொட்ட அவன் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்தான். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் பகலெல்லாம் அங்கேயே இருந்தான். முகாமுக்குள் பனிக்காலத்தின் நிஜக் குளிர் என்னவென்று மற்றவர்களுக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் யாரும் புகாரியைப் பற்றவைக்கவில்லை. நாளைக்கு வந்துவிடுவான் என்று இருந்தார்கள்.

ஞாயிறு கோகிலா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மெதுவாக, கவனமாகப் பேசினாள். அழுதுவிட்டு வந்து பேசுகிறவர்களின் கவனம்.

"வியாழக்கெழமையிலிருந்து கண்ணே தொறக்குலீங்க. பால் குடுத்தா வாயி மூடியேதான் இருக்குது. லைட்டுக்கு அடியில படுக்க வெச்சிருக்கறாங்க. லைட்டு எரியுது, சூடு புள்ளைகிட்ட நிக்க மாட்டேங்குது. இப்புடி ஒண்ணு நாங்க பாத்ததில்லேங்கறாங்க நர்ஸம்மா."

"அதுக்கு முன்னால?"

"முன்னாலயும் ஜில்லுன்னுதான். புதங்கெழம மத்தியானம் மட்டும் நல்லா இருந்தா. நல்லான்னா நல்லாங்க. காலு வெதுவெதுன்னு ஆயி, பால் குடிச்சு, என்னெப் பாத்துச் சிரிச்சா. சரியாயிருச்சுன்னு நெனச்சேன்."

போன் அடங்கியது. புதன்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று எட்டுப் பேரும் யோசித்தார்கள். புதன்கிழமை பனிப்புயல். யாரும் வெளியே போகவில்லை. மாரப்பன் சமையலறையில் இருந்தான்.

"புதங்கெழம கருவாட்டு வாசம் வந்துச்சு," என்றார் அத்தியண்ணன்.

மிக்கேல் பாத்திரம் துலக்கத் தொடங்கினார்.

"மிக்கேலண்ணா."

"ஆமாய்யா, பொரிச்சேன்! சாளைக் கருவாடு, எங்கூர்லருந்து கொண்டாந்தது. மனுசன் மாசக்கணக்கா அவிச்ச பருப்ப முழுங்க முடியுமாவே? இவன் இருந்தா வெதுவெதுப்புதான் வருது, எண்ணெ கொதிக்க மாட்டேங்கு. சமையக்கட்டுப் புகாரியப் பத்தவெச்சேன். செவக்கச் செவக்க எரிய விட்டேன். புயல்ல புகை தெரியாதுன்னு நெனச்சேன். இவனும் ரெண்டு துண்டு தின்னுட்டு வாயப் பொத்திக்கிட்டான்."

"கம்பெனி எண்ணெய்ல..." என்று தொடங்கிய திருவேங்கடம் பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் கணக்குப் போடுகிறவனின் பார்வை வந்தது, பிறகு அது போய்ப் பயந்தவனின் பார்வை வந்தது.

"புதன்கிழமை அவன் பக்கத்துல அடுப்பு எரிஞ்சது," என்றார். "வியாழக்கிழமையிலேருந்து சுரங்கத்துல உக்காந்திருந்தான்."

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும். இடம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பாயும். இது நடுநிலைப் பள்ளிப் பாடம், எட்டுப் பேரும் படித்திருந்தார்கள், சிலர் இரண்டு வருடம் படித்திருந்தார்கள். நடுவில் இந்தியாவின் பெரும்பகுதி கிடந்தால் அந்த விதி செல்லாது என்று எந்தப் பாடநூலிலும் எழுதியிருக்கவில்லை.

மாரப்பன் எழுந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"ஹெலிகாப்டர் கேட்டுப் பாருங்க சார். நான் ஊருக்குப் போயர்றனுங்க."

"நீ சுரங்கத்துல உக்காந்திருந்தப்பவே கேட்டாச்சுப்பா. மேகம் கலையிறவரை வராது. எப்ப கலையும்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப அடுப்பெப் பத்தவெயுங்க சார்."

திருவேங்கடம் ஜன்னல் வழியே பேரல் வரிசையைப் பார்த்தார். அவர் கெட்டவரல்ல. அவருக்கும் குழந்தைகள் இருந்தன, எட்டுப் பேரின் உயிருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். "ஒரு அடுப்பு பத்தாது," என்றார் கடைசியில். "அவனைச் சுத்தி கரூர்ச் சித்திரையைவிட அதிகமா சூடு வேணும். ராத்திரி பகலா வேணும். அப்படி எரிச்சா இருக்கற மண்ணெண்ணெய் தை பாதிவரைக்கும்கூடத் தாங்காது. டீசல் பனி வெட்டற மெஷினுக்கு. யாராவது விழுந்துட்டா ஹெலிகாப்டர் இறங்க இடம் வெட்டணும். அதையும் எரிச்சுட்டா, நம்ம எட்டுப் பேருக்கு..."

"ஏழு பேருங்க சார்," என்றான் மாரப்பன். "நான் வேண்ணா..."

"வாயை மூடு."

அத்தியண்ணன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கயிறு ஆடுவது ஜன்னலில் தெரிந்தது. வெகுநேரம் கழித்து, மீசையில் பனியோடு திரும்பிவந்து, கையுறையைக் கழற்றாமலேயே கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஒறைஞ்சு வெடிக்காம இருக்க எல்லா எஞ்சினுக்கும் ரேடியேட்டர் தண்ணிய எறக்கிட்டேன். இனி ஓடாது. டீசலெ இங்க கொண்டாந்துக்கலாம்."

"யார் சொன்னது உங்களை?" என்றார் திருவேங்கடம்.

"ஓடற வண்டிய ஆஃப் பண்ணக் கூடாதுன்னு நாந்தான சொல்லிட்டுத் திரிஞ்சேன். அங்க ஒண்ணு ஆஃப் ஆவப்போவுதுங்க சார்."

திருவேங்கடம் தீப்பெட்டியைத் தேடினார். மிக்கேல் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு புகாரியையும் கூடத்துக்கே கொண்டுவந்தார்கள், பம்ப் ஸ்டவ்களையும் ஊதுவிளக்கையும் கொண்டுவந்தார்கள், எல்லாவற்றையும் வட்டமாக வைத்துப் பற்றவைத்து, நடுவில் மாரப்பனை உட்கார்த்தி, அவன் கோட்டுக்குமேல் மிக்கேல் கோட்டை, அதற்குமேல் திருவேங்கடத்தின் கோட்டை, அதற்கும்மேல் எஞ்சின்களின் ரஜாய்களைப் போர்த்தினார்கள். முதலில் அவன் நடுங்கினான், வெயில் வந்ததிலிருந்து முதல் தடவையாக. பிறகு நடுக்கம் நின்றது, அடுப்புகள் மாறத் தொடங்கின. சிவக்கப் பழுத்த தகரம் அவன் இருந்த பக்கம் மட்டும் கறுத்தது. சுவாலைகள், கதவிடுக்குக் காற்று இழுத்ததுபோல, எல்லாத் திசையிலிருந்தும் அவனை நோக்கிச் சாய்ந்தன. அவ்வளவு தீ எரிந்தும் சுவரில் உறைபனி படர்ந்தது. சுற்றி நின்ற ஏழு பேருக்கும் பல் கிட்டியது, அவர்களுக்கென்று அந்த அறையில் எதுவும் மிஞ்சவில்லை. கோட்டு இல்லாதவர்கள் சிமெண்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஊற்றினார்கள், ஊற்றினார்கள், எரிய எரிய ஊற்றினார்கள்.

இப்போது தினமும் போன் பேசினார்கள். திருவேங்கடம் அதைத் தன் அக்குளில் அடைகாத்து வைத்திருந்தார்.

"காலு எப்படியிருக்கு?" என்று அவரே கேட்டார், அறிமுகமில்லாமல்.

"ஜில்லுன்னுதானுங்க இருக்குது."

"பெட்டிகளை உடைங்க," என்றார் திரும்பி.

உதிரிபாகங்கள் வந்த மரப்பெட்டிகள் எரிந்தன. மறுநாள் கட்டில்கள் எரிந்தன. அதற்கடுத்த நாள் திருவேங்கடத்தின் மேஜையும், சீட்டுக்கட்டும் எரிந்தன. எஞ்சின்கள் ஓடாததால் போனுக்கு ஏற்ற மின்சாரம் இல்லை. படுக்கையில் காத்துவைத்த பேட்டரிகள் ஒவ்வொன்றாக அதற்குத் தங்கள் உயிரைக் கொடுத்துவிட்டு அடங்கின. கடைசி பேட்டரியின் கடைசி மூச்சில் கோகிலாவின் குரல் வெகுதூரத்திலிருந்து வந்தது.

"காலு இப்ப..."

அவ்வளவுதான். பிறகு அந்தப் போனிலிருந்து எதுவும் வரவில்லை.

அது சந்தோஷக் குரல் என்றார் மிக்கேல். "வெதுவெதுன்னு இருக்குன்னு சொல்ல வந்திருக்கா. 'இப்ப'ங்கையில சிரிச்சா, நான் கேட்டேன்." அழுகைக் குரல் என்றார் சீட்டாடுகிறவர்களில் ஒருவர். மூக்கை உறிஞ்சியதுபோல இருந்தது என்றார் அத்தியண்ணன், ஆனால் மூக்கை எதற்கு வேண்டுமானாலும் உறிஞ்சலாம் என்று அவரே சேர்த்துக்கொண்டார். மாரப்பனைக் கேட்டார்கள். போர்வைக் குவியலுக்குள் அவன் முகம் மட்டும் தெரிந்தது; அதில் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை.

"தெரியாதபோது குறைக்கக் கூடாது," என்றார் திருவேங்கடம்.

ஆகவே குறைக்கவில்லை. அன்றிலிருந்து அவர்கள் ஒரு பதிலும் வராத திசைக்கு வெப்பத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடத்துத் தரைப்பலகைகளைப் பெயர்த்தார்கள், சமையலறைக் கொட்டகையையே பிரித்தார்கள், கயிறுகளை எண்ணெயில் நனைத்துப் போட்டார்கள். காலையில் பேரல்களைத் தட்டுவார்கள், சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. பாதி தூக்கத்தில் யாராவது திடுக்கிட்டு விழித்து, கொஞ்சம் தணிந்துபோச்சா என்று கேட்பார்கள், உடனே இன்னொருவர் எழுந்து ஊற்றுவார், ஊற்றியது போதுமா என்று சந்தேகம் வந்து மற்றொருவர் எழுந்து ஊற்றுவார். பருப்பை ஊறவைத்து அப்படியே மென்றார்கள். மிக்கேலின் இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயின. அவர் அதைக் காலுறைக்குள் மறைத்துக்கொண்டு, வழக்கம்போல மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி பேரலைக் கவிழ்த்து, அடியில் நின்றதைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்த ஒரு காலையில் மேகம் கலைந்தது. ஹெலிகாப்டர் வந்தது. இறங்க இடம் வெட்டியிருக்கவில்லை என்பதால், மாரப்பனையும் மிக்கேலையும் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு எண்ணெயை இறக்கிவிட்டுப் போனார்கள். பங்குனியில் பாதை திறந்து மெக்கானிக்குகள் வந்து பார்த்தபோது, பனி வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின் பிளாக்கில், தண்ணீர் முழுவதும் இறங்காமல் தங்கி உறைந்திருந்த ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது.

போன் அடங்கிய மூன்றாம் நாளே, மலைமேல் இன்னும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்ட கோகிலா குழந்தையைத் துணி எதுவும் போடாமல் தோளில் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். கழுத்து மடிப்பிலும் முதுகிலும் செக்கச்செவேலென்று வேர்க்குரு. தை மாதத்தில் வேர்க்குருவா என்று கேட்டுவிட்டு, டாக்டர் காலமைன் லோஷன் எழுதிக்கொடுத்தார்.